ஆவாரையின் காது

கொஞ்சம்தான் வளைந்திருந்தது. ஆனாலும் வளைந்துதான் இருந்தது. மடியில் இருந்த பையைத் திறந்து, கைக்குட்டை மடிப்புக்குள் கிடந்த காய்ந்த காயை வசுமதி மறுபடியும் பார்த்தாள். அன்னூர் பஸ் இன்னும் கணபதி ஸ்டாப்பைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் எத்தனையாவது தடவையோ. இதற்குள் தானாக நிமிர்ந்திருக்கக் கூடாதா என்ன? நிமிரவில்லை. ஆவாரைக் காய் தட்டையாக இருக்கும், காகிதம் மாதிரி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே விதைகள் ஹாஸ்டல் பெண்கள் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் படுத்திருப்பது தெரியும். இது ஒடுங்கி, நீண்டு, லேசாக உப்பி, இரண்டு ஓரமும் வெளிறி, நடுவில் பழுப்பு ஓடி, நுனியில் மேல்நோக்கி வளைந்திருந்தது. பேயாவாரை. அதற்கு வேறு பெயர் கிடையாது. காலையில் வடகம் பிழிய மொட்டை மாடிக்குப் போய், பரணிலிருந்து எடுத்த பழைய வேட்டியை உதறினபோது அதன் மடிப்பிலிருந்து இது விழுந்தது. அதே வேட்டியில்தான் பொங்கலுக்கு அப்புறம் ஆவாரையை நிழல் காய்ச்சலாகக் காயப்போட்டாள். பூ, இலை, பட்டை, வேர், காய் என்று ஐந்தும் சேர்த்துப் பஞ்சாங்கப் பொடி. பூ மட்டும் போட்டுத் தொலைத்திருக்கலாம். ஊரில் எல்லாரும் பூதான் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். இவளுக்குத்தான் ஐந்தும் வேண்டும், படித்தவள் இல்லையா. அந்தப் பொடியைக் கணவரின் அக்கா தெய்வாத்தாளுக்குக் கொடுத்தாள், சர்க்கரைக்கு நல்லதென்று. அந்தம்மா தினமும் இரண்டு வேளை குடிக்கிறாள். விதை விஷம் என்று எங்கோ படித்த ஞாபகம். எங்கே என்பதுதான் வரவில்லை, விஷம் என்பது மட்டும் தெளிவாக வருகிறது. காலையிலிருந்து இவள் போட்டுப் போட்டு அந்த வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு முருகன் பாட்டு பாடி, பாடி, பாதி வரியில் செத்துப்போகிறது. செத்துப்போகிறது என்று ஏன் நினைத்தாள். நின்றுபோகிறது. பாட்டு நின்றுபோகிறது.

ஒரு காய்தானே. வேட்டியில் ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு காய். ஆனால் ஒரு காய் தனியாக நடந்து வந்து வேட்டியில் ஏறியிருக்காது, கிளையோடுதான் வந்திருக்கும், கிளை என்றால் இன்னும் காய்கள், அவை எங்கே என்றால் மிக்ஸியில். மிக்ஸியில் ஆவாரையும் ஒன்றுதான் பேயாவாரையும் ஒன்றுதான். சலித்து எடுத்தபோது பொடி என்ன அழகாக இருந்தது, மெத்தென்று, வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்து. தன்னைத் தானே மெச்சிக்கொண்டு டப்பாவில் கொட்டி, மூடியைச் சுற்றி செலோ டேப் ஒட்டி, மேலே ஒரு சீட்டில் சாய்ந்த எழுத்தில் 'கேசியா ஆரிக்குலேட்டா' என்று இங்கிலீஷில் எழுதி வைத்தாள். அதைப் படிக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? தெய்வாத்தாள் நாலாவதோடு நின்றவள். அவள் படிக்க முடியாது என்பதற்காகவே எழுதினது, அதுவும் இப்போது நன்றாகத் தெரிகிறது. ஆரிக்குலேட்டா. காதுடையது. காலேஜ் லேபில் சிஸ்டர் பெர்னதெத் ஸ்கேலால் மேஜையைத் தட்டிக்கொண்டு வருவார்: இலையைப் பார்க்காதீர்கள், பூவைப் பார்க்காதீர்கள், எல்லா மஞ்சள் பூவும் பார்க்க ஒரே மாதிரிதான் சிரிக்கும், காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே ஜோடியாக இரண்டு இலைச்செதில்கள், அகலமாக, மடல் விரிந்து, மனுஷக் காது மாதிரியே. பேயாவாரைக்கு அது கிடையாது, முளைத்தாலும் உடனே உதிர்ந்துவிடும். "இந்தச் செடிக்குக் காது இருக்கிறது வசுமதி, உனக்குத்தான் இல்லை." வகுப்பே சிரித்தது. அவசரப்பட்டுப் படம் வரைந்ததில் காதை விட்டுவிட்டாள், அதற்கு அரை மார்க் போயிற்று. அன்றைக்கு அரை மார்க்கோடு போயிற்று. சரவணம்பட்டி சிக்னலில் பஸ் நின்றது. நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும், இந்த ஊரில் யாருக்கு என்ன அவசரம்.

அவசரம் அவளுக்குத்தான், பிறந்ததிலிருந்து. போகியன்று பைபாஸ் தாண்டி, கல் நட்டு விற்காமல் கிடக்கிற சைட்டுகளில் புகுந்து ஆவாரை ஒடித்தபோது எத்தனை நேரம் இருந்திருப்பாள்? காப்புக் கட்டுக்கு எல்லாரும் மார்க்கெட்டில் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை வைத்துச் சின்னக் கட்டாகக் கட்டி விற்பதை வாங்கி வாசலில் செருகிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் இவளுக்கு என்ன வீம்போ, வாடின கட்டை எவன் வாங்குவான், நானே பறித்துக் கட்டுகிறேன் என்று கிளம்பினாள். காரை விட்டு இறங்காமல் கணவர் ஈஸ்வரமூர்த்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, காட்டையே பேத்து எடுத்துட்டு வரப்போறயா? வெயில் ஏறுது, நேரமாச்சு." "வாரேன், வாரேன், ஹாரன உடைச்சுப் போடாதீங்க." கிச்சன் கையுறை மாட்டிக்கொண்டு படபடவென்று ஒடித்தாள், இரண்டொன்று வேரோடும் வந்தது. அங்கே ஆவாரை இடுப்பளவுக்குப் புதராக நின்றது, பூ கொத்துக் கொத்தாக. கறுப்பு வண்டு ஒன்று பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டு ங்ங்ங் என்று முனகியது. ஆவாரையின் மகரந்தப் பையில் உச்சியில் சின்ன ஓட்டைதான், உலுக்கினால்தான் தூள் கொட்டும், அதுவும் லேபில் படித்தது. இதையெல்லாம் நினைத்து ரசித்துக்கொண்டு நின்றவள் காதைப் பார்த்தாளா? பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் ஒடித்திருப்பாளா? ஆவாரை என்று தெரிந்துதானே பக்கத்தில் போனாள், தெரிந்த ஆளிடம் அடையாளம் கேட்பார்களா? ஆனால் ஆவாரைப் புதருக்குள்ளேயே பேயாவாரையும் முளைத்து நிற்கும், கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்து பந்தியில் உட்காருகிறவர்கள் மாதிரி. அதற்கும் மஞ்சள் பூதான். கசக்கினால் நாறும். நாற்றம் மூக்கில் ஏறியிருக்க வேண்டுமே. அன்றைக்கு மூக்கு அடைத்திருந்தது. விடியற்காலையில் எதிர் வீட்டுக்காரன் போகிக்கு டயரைக் கொளுத்தித் தெருவையே இருமவைத்தான், பாவி, மத்தியானம்வரை இவளுக்கு மூக்கே இல்லை. அதோடு அந்த ஹாரன். அவர் மட்டும் ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தால்.

போன் அதிர்ந்தது. தெய்வாத்தாளோ என்று பாய்ந்து எடுத்தாள். இல்லை, அவர்தான், பழனியிலிருந்து. நண்பர்களோடு படியேறப் போயிருக்கிறார். "என்ன இருவது தடவ கூப்பிட்டிருக்கற? வின்ச்சுக்கு வரிசைல நிக்கறோம்." வசுமதி குரலைத் தாழ்த்தினாள், பக்கத்து சீட்டில் கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, உங்க அக்கா போன் எடுக்க மாட்டேங்கறாங்க." "எடுக்காட்டி என்ன? காட்டுல இருக்கும். மோட்டார் போட்டிருக்கும்." "நா அங்கதாங்க போறேன், பஸ்ல இருக்கறேன்." அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "நீயா? அக்கா ஊட்டுக்கா? தானாவா? மழ வரப்போகுது." சொல்லிவிட வேண்டியதுதான், நான் கொடுத்த பொடியில் விஷச் செடி கலந்துவிட்டது, உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறாளா பாருங்கள். வாய்வரை வந்தது. "சும்மாதான், பாத்துட்டு வரலாம்னு," என்றாள். "சரி சரி, சண்டை போடாம வா. கேட்டயா, வரும்போது அவ போட்ட எலுமிச்ச ஊறுகா இருந்தா வாங்கீட்டு வா." ஊறுகாயாம். கறிவேப்பிலை அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "நாத்தனாருங்களா?" "ஆமாங்க." "முடியலீங்களா?" "தெரியலீங்க, அதப் பாக்கத்தான் போறேன்." "நாத்தனாரப் பாக்கப் பஸ்ஸேறி ஓடறவங்கள நா இப்பத்தானுங்க பாக்கறேன்," என்றாள் அந்த அம்மாள், உண்மையான ஆச்சரியத்தோடு. கையில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையை ஒடித்துக் கொடுத்தாள், எதற்கென்று தெரியவில்லை, வசுமதி வாங்கிக்கொண்டாள்.

உண்மைதான், யாரும் ஓட மாட்டார்கள், இவளும் ஓடினதில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் இவள் வைத்த ரசத்தைத் தெய்வாத்தாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லாருக்கு கண்ணு, இங்கிலீசு ரசம்," என்றாள். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு கண்ணுதான். நல்லாருக்கு கண்ணு என்று சொல்லிக்கொண்டே இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். ஒரு தீபாவளிக்கு விடிய விடியக் கிண்டின மைசூர்பாகைக் கொடுத்தனுப்பினாள். வாயில போட்டதும் கரையுது கண்ணு என்று போனில் வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தால் பருத்திக்கொட்டைத் தொட்டியில் எருமை அதைத்தான் கரைத்துக்கொண்டிருந்தது. எருமை பால் கூட நன்றாகத்தான் கறந்திருக்கும். இவள் மட்டும் என்ன லேசுப்பட்டவளா, அந்தம்மா கொடுத்தனுப்பின கம்புமாவை வாங்கின கையோடு வேலைக்காரிக்குக் கொடுப்பாள். இந்தப் பொங்கல் நோம்பிக்குக் குடும்பம் கூடினபோது, சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் கிட்னியையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று தெய்வாத்தாள் எல்லார் முன்னாலும் புலம்பிவிட்டு, "வசுவக் கேட்டா மருந்து சொல்லுவா, செடிகொடியப் படிச்ச புள்ள," என்றாள். குத்தலா, நிஜமா? இருபது வருஷமாகியும் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பி இவளைப் பார்த்தார்கள், அது போதுமாக இருந்தது. காப்புக்குப் போக மிஞ்சின ஆவாரை வீட்டில் கிடந்தது, அன்றைக்கே ஆவாரைப் பொடி என்று வாயை விட்டாள். போன வாரம் போனில்கூட, "காலைலயும் சாயங்காலமும் குடிச்சுட்டுத்தான் இருக்கறன் கண்ணு, உன்ற பொடி வந்தப்பறந்தான் தெம்பா இருக்குது," என்றாள். காலையிலும் சாயங்காலத்திலும். அப்போது என்ன பூரிப்பு வந்தது. இப்போது அந்தக் காலையும் சாயங்காலமும் ஒவ்வொன்றாக உள்ளே இறங்குகிறது, கல்லீரலில், கிட்னியில், சொட்டுச் சொட்டாக. ஊர் என்ன சொல்லும்? தம்பி பொண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள் என்றுதான் சொல்லும். வேண்டுமென்றே செய்தாயா என்று யாரும் நேரில் கேட்க மாட்டார்கள், அதுதான் கஷ்டம், கேட்டால் இல்லையென்று கத்தலாம். கனடாவில் இருக்கிற தெய்வாத்தாளின் மகனுக்குப் போன் போட்டால் முதல் கேள்வியே எதுக்கு அத்தை இப்படிப் பதறறீங்க என்பதுதான். பாத்திரம் விளக்குகிற தொட்டி முன்னால் நின்று எத்தனையோ நாள் வாய்க்குள் சொல்லியிருக்கிறாள்: இந்தப் பொம்பளை எப்பத்தான். அவ்வளவுதான். எப்பத்தான் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்த வாக்கியத்தை ஒருநாளும் முடித்ததில்லை. எப்பத்தான் திருந்துமோ, எப்பத்தான் வாயை மூடுமோ. அப்படித்தான் முடிந்திருக்கும். வேறு எப்படி முடியும். அப்படித்தான்.

கோவில்பாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெளி திறந்தது. வேலிகள், தரிசு, செங்கல் சூளை, அதற்கு நடுவில் மஞ்சள். ஆவாரை. வழியெல்லாம் ஆவாரை நிற்பதை இத்தனை நாள் அவள் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு புதரும் எழுந்து நின்று, நானா அதுவா என்று கேட்டது. ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு காம்படியைப் பார்க்கப் பார்த்தாள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு விரல்நகம் அளவுக் காதைப் பார்ப்பதாவது. மஞ்சள், பச்சை, தூசி, மஞ்சள். மழையே இல்லாத காட்டில் இது மட்டும் பளிச்சென்று நிற்கிறது, ஆடுகூட வாய் வைக்காது. அதன் பட்டையில் தோலை ஊறப்போட்டுப் பதப்படுத்துவார்கள், துவர்ப்பு அத்தனை. தோலையே பதப்படுத்துகிறது, குடலை என்ன செய்யும்? இல்லை, ஆவாரை ஒன்றும் செய்யாது, நல்லது, காலங்காலமாகக் குடிக்கிறார்கள். பயம் ஆவாரையைப் பற்றி அல்ல. வீட்டில் மிச்சமிருந்த ஒரு கரண்டிப் பொடியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்தாள், டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் காட்டலாம் என்று. காட்டினால் டாக்டர் என்ன செய்வார்? பொடிக்குக் காது ஏது. காகிதத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கசந்தது, துவர்த்தது, அப்புறம் மறுபடி கசந்தது. இரண்டும் கசக்கும். என்ன கண்டுபிடித்துவிட்டாள் இப்போது? நாக்கு லேசாக மரத்த மாதிரி இருந்தது. மரத்ததா, அப்படி நினைத்துக்கொண்டாளா. தலை சுற்றியது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, சுற்றாமல் என்ன செய்யும். அந்த வீட்டின் உள்ளறை கண் முன்னால் வந்தது, சிமெண்டுத் தரை, ஓடாத ஃபேன், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடக்கிற ஒரு பெரிய உடம்பு, கைக்கு எட்டாத தூரத்தில் பாடிக்கொண்டே இருக்கிற போன். முகம் குப்புறக் கிடந்தது. முகத்தைத் திருப்பிப் பார்க்க இவளுக்குத் தைரியம் வரவில்லை, நினைப்பில்கூட. "ஏம்மா, எறங்கறயா இல்லியா? கணேசபுரம் கணேசபுரம்னு தொண்ட கிழியக் கத்தறேன்," என்றார் கண்டக்டர். "காதுல விழுந்துச்சுங்க, கத்தாதீங்க," என்று பதில் சொன்னாள், அது பொய்யாக இருந்தாலும்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டும். செருப்புக்குள் மண் ஏறியது. தட்டிவிட நிற்கவில்லை, ஓடவுமில்லை, ஓடினால் வழியில் பார்க்கிறவர்கள் ஏதோ நடந்துவிட்டது என்று முடிவு செய்வார்கள், அப்புறம் நடந்தேவிடும். வீட்டு முன் ஆட்கள் கூடியிருக்கிறார்களா? இல்லை. கூடவில்லை என்றால் ஒன்றுமில்லையா, இல்லை இன்னும் யாருக்கும் தெரியவில்லையா? இரும்பு கேட் சாத்தியிருந்தது. "நங்கையா!" என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள், இந்தப் பக்கத்தில் நாத்தனாரை அழைக்கிற வழக்கம். ஆனால் எப்போதும் அதை வாயின் ஓரத்தில் வைத்துத்தான் சொல்வாள். பதில் இல்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தட்டப் போனவள் நிலைக்கு மேலே பார்த்துவிட்டாள். காப்பு. இவள் போகியன்று கட்டின கட்டு. இரண்டு கட்டினாள், ஒன்று தன் வீட்டுக்கு, அதைச் சங்கராந்தி முடிந்த கையோடு குப்பைக்காரனிடம் போட்டுவிட்டாள், வாசலில் சருகு தொங்கினால் அவளுக்குப் பிடிக்காது. இன்னொன்றை ஈஸ்வரமூர்த்தி இங்கே கொண்டுவந்து செருகினார். இந்த வீட்டில் காப்பை அடுத்த போகிவரை எடுக்க மாட்டார்கள். வேப்பிலை சுருண்டு, பூளைப்பூ நரைத்து, ஆவாரை பழுப்பாகி அப்படியே தொங்கியது. அதே புதர், அதே கை, அதே அவசரம். வாசலில் கிடந்த பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். எட்டியது. முதல் கிளையின் காம்படியில் விரலை வைத்தாள். இருந்தது. காய்ந்து மொடமொடவென்று, ஓரம் சுருண்டு, ஆனால் காதுதான், இரண்டு பக்கமும் ஜோடியாக. அழுகை வந்துவிடும்போல் இருந்தது. இன்னொரு கிளை. காது. அதற்கடுத்தது. விரல் வழுவழுவென்று தண்டிலேயே இறங்கியது. தடுக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், உதிர்ந்திருக்குமோ என்று தழும்பைத் தேடினாள். காம்பின் அடியில் ஒரு கறுத்த சுரப்பிப் புள்ளி மட்டும். மிச்சமிருந்த இலைகள் கொஞ்சமாக, அகலமாக, நுனி கூர்ந்து. அந்தக் கிளைக்குக் காதில்லை.

"ஏம்புள்ள, காப்ப எதுக்கு அவுக்கற?"

கேன் ஆடியது. நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வீட்டின் பக்கவாட்டிலிருந்து தெய்வாத்தாள் வந்துகொண்டிருந்தாள், தலையில் துண்டு சுற்றி, முகமெல்லாம் சீயக்காயும் எண்ணெயும் மினுங்க, பாவாடையை மார்வரை ஏற்றிக் கட்டி, மேலே ஒரு ஈரப் புடவையைப் போர்த்திக்கொண்டு. பெரிய உடம்பு, இரண்டு காலில் நடந்து வந்தது. "சனிக்கெழமையாச்சேனு எண்ண தேச்சுக்கிட்டிருந்தன், கெணத்தடில. மோட்டார் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. எறங்கு மொதல்ல, உளுந்து வெச்சராத, அப்பறம் என்ற தம்பி என்னையத்தான் கேப்பான்." வசுமதி இறங்கினாள். "போன் எடுக்கலீங்களே நங்கையா." "அது உள்ற கெடக்குது. என்ன, ஆரு செத்தா?" "யாருமில்லீங்க. சும்மா பாக்கலாம்னு." தெய்வாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மா வர்ற மொகமா இது? வா, உள்ள வா, வேத்து ஊத்துது." உள்ளே அழைத்துப்போய் ஃபேனைப் போட்டாள், அது ஓடியது. "உடம்பு எப்படி இருக்குதுங்க?" "எனக்கென்ன கொறச்சல்? உன்ற பொடியக் குடிச்சுத்தான் ஓடீட்டிருக்கறன். காலைலகூட ஒரு டம்ளரு." காலையில்கூட. வசுமதி கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, பேச்சு குழறுகிறதா? டாக்சி கூப்பிட வேண்டும், அன்னூரில் வேண்டாம், நேரே கோயம்புத்தூருக்கே போய்விட வேண்டும், என்ன சொல்லிக் கூட்டிப்போவது, வழியில் மயங்கினால் என்ன செய்வது. "வாந்தி, தலசுத்தல் எதாச்சும் இருக்குதுங்களா?" "இல்லயே. ஏன், எனக்கு வரோணும்னு வேண்டுதலா?" என்று சிரித்துக்கொண்டே தெய்வாத்தாள் சமையல்கட்டுக்குள் போனாள், இவளும் பின்னாலேயே போனாள். ஜன்னல் மேடையில் வெயில் விழுகிற இடத்தில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி இருந்தது. வாயில் வெள்ளைத் துணி. துணி பறக்காமல் இருக்க மேலே பாரமாக ஒரு டப்பா.

இவளுடைய டப்பா. மூடியைச் சுற்றின செலோ டேப் வெயிலில் மஞ்சளடித்திருந்தது, ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. டேப்பின் முனையைச் சுலபமாகப் பிரிக்கட்டுமென்று இவள் மடித்துவிட்ட சின்ன மடிப்பு அப்படியே இருந்தது. சாய்ந்த எழுத்து. கேசியா ஆரிக்குலேட்டா.

குடிக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. காலையும் இல்லை சாயங்காலமும் இல்லை. ஆகாயமே இறங்கி வந்து முதுகைத் தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது ஒரு நொடி. அடுத்த நொடியே மேலேறி வந்தது கோபம், சுடச்சுட, மைசூர்பாகு வரைக்கும் போய். எத்தனை பொய் இந்தம்மாவுக்கு! தெம்பா இருக்குதாம்! இவள் கையில் எதை வாங்கினாலும் குடிக்க மாட்டாள், இந்த ஜென்மத்தில் மாட்டாள், அதனால்தான் நிற்கிறாள் இப்படித் திடமாக, அடுப்பு பற்றவைத்துக்கொண்டு, சீயக்காய் வாசனையோடு. நம்பியிருந்தால்? நம்பியிருந்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில். கோபம் போகிற வழியில் எங்கோ தட்டி நின்றது, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல். பேசாமல் போய்விடலாம். டேப் பிரிக்காத டப்பா யாரையும் கொல்லாது, ஊறுகாய்க்குப் பாரமாக ஊறுகாய் உள்ளவரை இருக்கும். அரை மார்க்கும் குறையாது. ஆனால் யாராவது விருந்தாளி வருவார்கள், சர்க்கரை உள்ளவர்களாக, என்ற தம்பி பொண்டாட்டி குடுத்தா, படிச்ச புள்ள, எடுத்துட்டுப் போ என்று இந்தம்மா தூக்கிக் கொடுப்பாள். கொடுப்பாள், எதையும் தூக்கிக் கொடுக்கிற கைதான் அது. "நங்கையா," என்றாள். "அந்தப் பொடியக் குடிக்காதீங்க. நான் பறிச்சதுல வேற செடி கலந்திருச்சு. பேயாவாரை. அது விஷமுங்க. அவசரத்துல நான் சரியாப் பாக்கல. என் தப்புத்தானுங்க."

பாலை அடுப்பில் வைத்துவிட்டு டம்ளரைத் தூக்கின கை அந்தரத்தில் நின்றது. தெய்வாத்தாள் திரும்பி இவளைப் பார்த்தாள். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் இருபது வருஷத்தில் வந்ததில்லை என்பது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு மெதுவாக ஒரு கை வயிற்றுக்குப் போனது. "அய்யோ கண்ணு, நா குடிச்சுப் போட்டனே," என்றாள். "அதான் நேத்திருந்து வவுறு ஒரு மாதிரியா..." ஜன்னல் மேடையைப் பார்க்கக் கூடாது என்று வசுமதி நினைத்தாள், கண் தானாகப் போய்விட்டது. தெய்வாத்தாளின் கண்ணும் பின்னாலேயே போனது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஊறுகாய் ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கியது. தெய்வாத்தாள்தான் முதலில் அசைந்தாள். அடுப்பைக் குறைத்தாள், வயிற்றிலிருந்த கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "காப்பி குடிக்கறயா?" "குடிக்கறேனுங்க." "சக்கர?" "நீங்க எப்படிப் போட்டாலும் சரிங்க." கொடுத்தாள். எப்போதும் பாதி வைத்துவிட்டு எழுந்திருக்கிற வசுமதி நின்றபடியே கடைசிவரை குடித்தாள், அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரைகூட மிச்சமில்லாமல். தெய்வாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வசுமதி கிளம்பும்போது தெய்வாத்தாள் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து ஜாடித் துணிமேல் வைத்தாள். டப்பாவை எடுத்து, முந்தானையால் ஒரு துடை துடைத்து, வசுமதியின் பைக்குள் வளைந்த காய்க்கும் கறிவேப்பிலை இணுக்குக்கும் பக்கத்தில் தானே இறக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"மீதி கொஞ்சந்தான் இருக்குது கண்ணு," என்றாள். "எடுத்துட்டுப் போயிரு."

"சரிங்க நங்கையா," என்றாள் வசுமதி. வாய்க்கால் தாண்டுகிறவரை பையைத் தோள் மாற்றி மாற்றிச் சுமந்தாள்; மீதி நல்ல கனமாக இருந்தது.